வலிக்கு மருந்து பிச்சையல்ல, உரிமை!



கூலியைப் பற்றிப் பேசினால் அது அரசியல் என்கிறார்கள். குடிசையைப் பற்றிப் பேசினால் அதுவும் அரசியல் என்கிறார்கள். இடுப்பு வலியைப் பற்றிப் பேசினால் மட்டும், அது அவரவர் தலையெழுத்து என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள். தலையெழுத்தா இது? சாலைக் கம்போளத்தில் இருபது ஆண்டு மூட்டை இறக்கியவரின் முதுகெலும்பு தேய்ந்திருப்பதும், கட்டிட வேலையில் சித்தாளாக நின்ற அம்மாவின் முழங்கால் மடங்க மறுப்பதும், துணிக்கடையில் பகலெல்லாம் நின்ற தங்கையின் கணுக்கால் வீங்கியிருப்பதும் பிரம்மன் எழுதிய எழுத்தல்ல. உழைப்பை வாங்கியவர்கள் எழுதிய எழுத்து.

ஆகவே இந்த மாதம் வலியைப் பற்றி எழுதுகிறோம். வலி தீர்க்கும் மருந்து நம் ஜனங்களுக்கு எங்கே கிடைக்கிறது, எங்கே மறுக்கப்படுகிறது, யார் கையிலிருந்து கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறோம். நாம் சொல்ல வந்தது ஒன்றே. ஆறாத வலியைப் பார்த்துக் கொள்ள வேண்டிய இடம் மருந்துக்கடையுமல்ல, ஊசி போடும் கடையுமல்ல. நம் தெருவுக்குப் பக்கத்திலுள்ள அரசு ஆரோக்கிய மையமே. அங்கே அந்த வேலை நடக்கும்படி செய்வது நமது போராட்டம்.

வட்டிக்கு வாங்கும் தெம்பு

உடம்பு வலிக்கிறது என்று சொல்லும் தோழர் முன்னால் இன்று மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

முதற் கதவு மருந்துக்கடை. “உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே” என்றால் போதும். நாலு நிறத்தில் நாலு மாத்திரை ஒரு காகித உறைக்குள் விழும். அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இரண்டாங் கதவு ஊசி. காலையில் ஒன்று போட்டுக் கொண்டால் மாலை வரை சுமை தூக்கலாம். மூன்றாங் கதவு மதுக்கடை. “ஆசைக்கா குடிக்கிறேன்? உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்” என்று சொல்லும் தோழரை நாம் எல்லோரும் அறிவோம், அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் அறிவோம். அரசின் மதுக்கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. அரசின் ஆரோக்கிய மையமோ, நாம் வேலை முடித்துக் கை கால் கழுவி வருவதற்குள் மூடிவிடுகிறது. நம்முடைய வலியை யாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஊசி தரும் தெம்பு கந்துவட்டிக்கு வாங்கிய பணம் மாதிரி. கை நிறையத் தெரியும். முதல் குறையாது, வட்டி ஏறும். வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. இந்தச் சுமை போதும், இறக்கி வை என்று சொல்கிற மணி. ஊசி மணியின் நாக்கைத்தான் கட்டுகிறது, சுமையை இறக்குவதில்லை. மணி அடிக்காத உடம்பின் மேல் மேஸ்திரி இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுகிறார். லாபம் அவருக்கு, வட்டி கட்டுவது நம் சிறுநீரகம்.

பெயர் பல, சரக்கு ஒன்று

அந்தக் காகித உறைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

டைக்குளோபினாக், அசிக்குளோபினாக், ஐபுபுரூபன் என்று பெயர்கள் பல. எல்லாம் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். சில நாட்களுக்கு, அளவோடு, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், இதயத்துக்கும் ஆபத்து. வெயிலில் வேர்வை சிந்தி, தண்ணீர் குடிக்க நேரமின்றி வேலை செய்கிறவருக்கு இந்தச் சிறுநீரகக் கேடு இன்னும் விரைவாக வரும். கொத்தனாரும் சித்தாளும் சுமைத் தொழிலாளியும் அப்படித்தானே வேலை செய்கிறார்கள்? ஒரு கடையில் ஒரு பெயரில் வாங்கியதையும் இன்னொரு கடையில் இன்னொரு பெயரில் வாங்கியதையும் சேர்த்து விழுங்கினால் வலி இரட்டிப்பாகக் குறையாது, கேடுதான் இரட்டிப்பாகும்.

பாராசிட்டமால் இவற்றைவிடச் சாது. அதற்கும் எல்லை உண்டு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் நல்ல உடம்புள்ளவருக்கே ஒரு நாளில் ஆறுக்கு மேல் கூடாது. குடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அதைவிடக் குறைவு. செட்டு மாத்திரையில் வேறு பெயருள்ள மாத்திரைக்குள்ளும் இதே பாராசிட்டமால் ஒளிந்திருப்பதுண்டு என்பதால் கணக்குத் தவறுவது எளிது.

சில செட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தின்றவர் மறுநாளே எழுந்து நடப்பார். கடைக்காரருக்கு ‘கைராசி’ என்று பெயர் கிடைக்கும். நெடுநாள் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும், முகம் ஊதும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. டைக்குளோபினாக்கும் ஸ்டீராய்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மாத்திரை காகித உறையில் இருக்கிறது.

சர்க்கரை நோயுள்ள தோழருக்கு வரும் கால் எரிச்சலும் மரமரப்பும் வேறு வகை. அது நரம்பு வலி. டைக்குளோபினாக் அதற்கு உதவாது. அதற்கென்று விலை குறைந்த வேறு மருந்துகள் உண்டு. சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டியவை. எது எந்த வலி என்று பிரித்தறிய ஒரு டாக்டர் வேண்டும், ஒரு தரம் பார்த்து அனுப்பிவிடாமல் மாதாமாதம் பார்க்கிற டாக்டர் வேண்டும். கடைக்காரர் இதைச் செய்ய முடியாது. அவருக்குத் தெரிந்த கணக்கு நாம் கொடுக்கிற காசின் கணக்கு.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் பிணந்தின்னிக் கழுகு இனமே அழியும் நிலை வந்தபோது, 2006-ல் இந்திய அரசு கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கழுகின் உடம்பு வேறு, மனிதன் உடம்பு வேறு என்பதை நாம் அறிவோம். மனிதருக்கு அதைத் தடை செய்யச் சொல்லவும் இல்லை. கழுகுக்காக ஓர் அரசாங்கம் விழித்துக் கொள்ள முடியுமென்றால், கூலிக்காரனின் சிறுநீரகத்தில் என்ன அளவு ஓடுகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்க ஏன் முடியாது? இதுவே நமது கேள்வி.

கேட்காமல் கொடுப்பார்கள், கதறினால் இல்லையென்பார்கள்

வேண்டாத இடத்தில் இப்படி வலி மருந்தை வாரி இறைக்கிற இந்த நாடு, வேண்டிய இடத்தில் என்ன செய்தது?

புற்றுநோயின் கடைசிக் கட்டத்து வலியைக் கண்டவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அந்த வலிக்குச் செட்டு மாத்திரை எட்டாது. அதற்கு மார்பின் வேண்டும். அபினிலிருந்து எடுக்கும் மருந்து அது. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்து வெளியிட்டபோது, உச்சிப் படியில் வைத்தது மார்பினைத்தான். வாயால் விழுங்கும் மாத்திரை, விலையும் அதிகமல்ல.

அந்த அபின் எங்கே விளைகிறது? நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கமே ஆலை வைத்திருக்கிறது. உலகத்துக்கு விற்கும் அளவுக்கு விளைந்தது. விளைந்த நாட்டிலோ நோயாளி பாயில் புரண்டு கதறினான்.

காரணம் என்ன? 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்த சட்டம் ஆஸ்பத்திரி அலமாரியைப் பூட்டியது. மார்பின் வாங்க வேண்டுமானால் வெவ்வேறு அலுவலகங்களில் நான்கைந்து உரிமம் வாங்க வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தவறினால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சம். எந்த மருந்தாளர் வாங்கி வைப்பார்? பன்னிரண்டே ஆண்டுகளில் நாட்டின் மார்பின் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் புற்றுநோய் குறைந்துவிட்டதா? வலிதான் குறைந்துவிட்டதா? காகிதம் ஜெயித்தது, நோயாளி தோற்றான்.

இதை மாற்றப் புறப்பட்டதில் கேரளத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைக்காமல் சொல்வோம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே நோயாளியின் வீட்டுக்குப் போய்க் கவனிக்கும் முறை அங்கிருந்து பரவியது. 1998-ல் மத்திய அரசு, மார்பின் விதிகளை எளிமையாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக் கொண்டது. முன்வரிசையில் செய்து காட்டியது கேரளம். 2003-ல் இதே திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்ற அமைப்பை டாக்டர் ராஜகோபால் நிறுவினார். 2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் வந்தது அதன் பலன். 2014-ல் பாராளுமன்றம் 1985-ஆம் வருடத்துச் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று மார்பின் முதலியவற்றைத் தனியே பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் பல உரிமங்களுக்கு அலையாமல் அவற்றை வைத்துக் கொள்ள வழி செய்தது.

சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. 2017-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் உலகக் கணக்கை வெளியிட்டது. இந்தியாவில் தேவைப்படும் மார்பின் வகை மருந்தில் நூற்றுக்கு 4 பங்குதான் கிடைக்கிறது என்று அது சொன்னது. மிச்சம் 96 பங்கு வலியை யார் சுமக்கிறார்கள்? மாடிவீட்டு நோயாளிக்கு ஒரு வழி இருக்கும். சுமக்கிறவர்கள் வழக்கம்போல நாம்தான்.

அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கு

இதைச் சொன்னதும் சிலர் அமெரிக்காவைக் கை காட்டுவார்கள். “பார், அங்கே வலி மாத்திரையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் லட்சக்கணக்கானவர் செத்தார்கள்” என்பார்கள். செத்தது உண்மை. ஏன் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

1996-ல் பர்டூ என்ற கம்பெனி, ஆக்சிகோன்டின் என்னும் வலுவான மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி, சாதாரண இடுப்பு வலிக்காரருக்கும் எழுதிக் கொடுக்கும்படி டாக்டர்களிடம் ஆள் அனுப்பி விற்றது. சுரங்கத்திலும் ஆலையிலும் உடம்பு தேய்ந்த உழைப்பாளிகளின் ஊர்களில்தான் அந்தச் சரக்கு அதிகம் குவிந்தது. 2007-லும் 2020-லும் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டது. பிறகு பயந்துபோய் மருந்தைத் திடீரென்று வெட்டினார்கள். பழகிவிட்டவர்கள் தெருச் சரக்குக்குப் போய் மாண்டார்கள். நெடுநாள் மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2022-ல் எழுத வேண்டி வந்தது.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் என்ன? மருந்து பேய் என்பதா? இல்லை. வலியை லாபக்காரன் கையில் கொடுக்காதே என்பது ஒன்று. எந்த வலிக்கு எந்த மருந்து என்று பிரித்துப் பார் என்பது இரண்டு. தொடங்கியவர் கடைசிவரை கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும் என்பது மூன்று. இந்த மூன்றையும் செய்யக் கூடியது கடையல்ல. அரசின் ஆரம்ப சுகாதார நிலையம்.

ஆறாத இடுப்பு வலிக்கு மார்பின் கேட்கிறோம் என்று யாரும் திரித்துப் பேச வேண்டாம். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் இடுப்பு வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. நோயைப் பற்றி விளக்கிச் சொல்வது, முறையான உடற்பயிற்சி, மனத்துக்கு ஆதரவு, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் மருந்து என்பவை அதில் உண்டு. மார்பின் வகை மருந்து வேண்டாம் என்கிறது. நம்மில் பலர் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக் கொண்டிருக்கும் இடுப்புப் பெல்ட்டும் வழக்கமாக வேண்டாம் என்கிறது. ஆக, புற்றுநோய் நோயாளிக்கு மார்பின். தேய்ந்த இடுப்புக்குப் பயிற்சியும் அளவான மருந்தும் சுமைக் குறைப்பும். இன்று நடப்பது தலைகீழ். அங்கே மருந்து இல்லை, இங்கே மருந்து மழை.

வாசல் இருக்கிறது, நமக்குத் திறக்கிறதா?

கேரளத்தில் 2017 முதல் ‘ஆர்த்ரம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி வருகிறார்கள். டாக்டர், நர்ஸ், ஆய்வுக்கூடம், இலவச மருந்து என்று ஏற்பாடுகள் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் பார்த்து, சீட்டில் குறித்து, மருந்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அதே வரிசையில் வலியையும் சேர் என்கிறோம். இரத்த அழுத்தக்காரருக்குப் புத்தகம் உண்டு. வலிக்காரருக்குப் புத்தகம் ஏன் இல்லை?

டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். உண்மைதான், வரிசை நீளம், டாக்டர் ஒருவர். அதனால்தான் ஆள் கூட்டச் சொல்கிறோம். வலிக்காரரை முதலில் உட்கார வைத்துக் கேட்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, என்ன வேலை, இதுவரை என்னென்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா, இரவில் தூக்கம் உண்டா என்று ஆறு கேள்வி. வீடு வீடாகப் போகும் ஆஷா சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களோ தங்கள் மதிப்பூதியத்துக்காக 2025-ல் இதே தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார வேண்டி வந்தது. நம் வலியைக் கேட்க வருகிறவர்களின் வயிறு காய்ந்தால் நம் வலியை யார் கேட்பது? அவர்கள் போராட்டமும் நம் போராட்டமும் வேறல்ல.

அடுத்தது மொழி. சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். தமிழில் ‘வலி’ என்றால் நோவு. மலையாளத்தில் ‘வலி’ என்றால் இழுப்பது. பீடி இழுப்பதும் வலிதான். ‘வலிவு’ என்றால் அங்கே மூச்சிரைப்பு. நோவுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘வேதன’. நாம் இடுப்பு என்றால் அவர்கள் ‘நடு’ என்பார்கள். திருவனந்தபுரத்தில் பலருக்குத் தமிழ் புரியும். வடக்கேயிருந்து புதிதாக வந்த நர்ஸுக்கும் டாக்டருக்கும் புரிய வேண்டுமென்பதில்லை. “நெஞ்சுக்குக் கீழே சுருக்குச் சுருக்குன்னு குத்துது” என்று ஒரு தாய் சொல்வதைப் பாதி புரிந்து எழுதும் சீட்டு, பாதி மருந்துதான் கொடுக்கும். வலிக்கு எக்ஸ்ரே கிடையாது. நோயாளி சொல்லும் சொல்லே எக்ஸ்ரே. அந்தச் சொல் புரியாத இடத்தில் வைத்தியம் குருட்டு வைத்தியம்.

அடுத்தது எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; களியக்காவிளையில் எல்லை வந்தது. நோய் அந்த எல்லையை மதிப்பதில்லை. 1981-ல் தொடங்கிய இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் குமரி, நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் இன்றும் வருகிறார்கள். இங்கே வேலை செய்யும் பிள்ளை, ஊரிலிருக்கும் தாயை அழைத்து வந்து காட்டுகிறான். சிகிச்சை முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று மார்பின் மாத்திரையோடு அனுப்புகிறார்கள். தாய் ஊருக்குப் போகிறாள். மாத்திரை இரண்டு வாரத்தில் தீர்கிறது. பிறகு? மகன் ஒரு நாள் கூலியை விட்டு இங்கே வரிசையில் நின்று வாங்கி, பஸ் ஏறி ஊருக்குக் கொண்டு போக வேண்டும். கூலி போனால் வீட்டில் அடுப்பு இல்லை. மாத்திரை போனால் தாய்க்குத் தூக்கம் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பான் பிள்ளை?

தமிழக அரசு 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீட்டுக்கே மருந்து, வீட்டுக்கே பாலியேட்டிவ் கவனிப்பு, வீட்டுக்கே உடற்பயிற்சிச் சிகிச்சை என்று அறிவித்தது. இங்கே கேரளத்தில் பாலியேட்டிவ் நர்ஸ். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல ஏற்பாடு, அந்தப் பக்கம் ஒரு நல்ல ஏற்பாடு. நடுவில் நம் தாய் விழும் பள்ளம். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு அந்தப் பள்ளத்தை மூடும். அதைச் செய்ய இரண்டு அரசுகளுக்கும் என்ன தடை?

வலி பிறக்கும் இடம்

மருந்தை மட்டும் பேசி, வலி பிறக்கும் இடத்தை விட்டுவிட்டால் அது பாதிப் பேச்சு.

வயது வந்த ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைய வேண்டும் என்றது. கேரளத்தில் சுமைத் தொழிலாளர் சட்டம் 1978-ல் வந்தது. அட்டை உள்ள தொழிலாளிக்கு அதில் பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லாமல், காண்டிராக்டரின் கீழ் நாள் கூலிக்கு நிற்கும் நம்மவருக்கு? வெளிமாநிலத் தொழிலாளருக்கு மருத்துவ வசதியை இலவசமாகச் செய்து கொடுப்பது காண்டிராக்டரின் கடமை என்று 1979-ஆம் வருடத்துச் சட்டம் சொன்னது. எத்தனை காண்டிராக்டர் செய்து கொடுத்தார்? இப்போது அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். உட்காருவதற்கு ஓர் உரிமையா என்று முதலாளிகள் சிரித்தார்கள். 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை எழுதியது. 2021-ல் தமிழகமும் எழுதியது. ஒரு நாற்காலி செய்யும் வைத்தியத்தை நூறு மாத்திரை செய்யாது என்பதை அந்தப் பெண்கள் எந்த டாக்டருக்கும் முன்னால் அறிந்திருந்தார்கள்.

இந்த அரசு நம்மை ‘அதிதித் தொழிலாளி’ என்று அழைக்கிறது. விருந்தாளி என்று பொருள். நல்ல சொல். விருந்தாளிக்கு வலித்தால் எங்கே வலிக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்பது வழக்கம். சாலையிலும் செங்கல்சூளையிலும் தலைமுறை தலைமுறையாக வேர் பிடித்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் விருந்தாளிகளும் அல்லர். விருந்தாளியோ வீட்டாளோ, கேள்வி ஒன்றுதான்: நம் வலியைக் கேட்கப் போவது யார்? மலையாளி உழைப்பாளிக்கும் இதே இடுப்பு, இதே செட்டு மாத்திரை. அவரோடு சேர்ந்தே கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு குடும்ப ஆரோக்கிய மையத்திலும், நகர்ப்புற ஆரோக்கிய மையத்திலும் நெடுநாள் வலிக்காரருக்கென்று பதிவேடும் கைப்புத்தகமும் வேண்டும். ரேஷன் அட்டை எந்த மாநிலத்தது என்று கேளாமல் கொடுக்க வேண்டும்.

2. தினமும் வலி மாத்திரை எடுப்பவருக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகச் சோதனையும் குறித்த காலத்தில் இலவசமாகச் செய்ய வேண்டும்.

3. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை மையம் திறந்திருக்க வேண்டும். அந்நாட்களில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் இருக்க வேண்டும்.

4. தமிழ் பேசும் ஊழியர் ஒருவரும், தமிழில் அச்சிட்ட மருந்துக் குறிப்பும் வேண்டும்.

5. நகரின் எந்தப் பகுதியிலிருந்தும் ஒரு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் மார்பின் கிடைக்க வேண்டும். எல்லை தாண்டிப் போகும் நோயாளியை, மாத்திரை தீருமுன் ஊரிலுள்ள நிலையத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை இரு மாநில அரசுகளும் செய்ய வேண்டும்.

6. சுமைக்கு வரம்பு, நிற்கும் வேலைக்கு நாற்காலி, வெயில் வேலைக்குக் குடிநீர். மூன்றும் முதலாளியின் செலவில்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுக் கை கட்டி நிற்பது உழைப்பாளிக்கு அழகல்ல. இன்றே செய்யக் கூடியவை சில.

செட்டு மாத்திரை கேட்காதீர்கள். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள். தின்கிற மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு வைத்து, டாக்டரிடம் போகும்போது அப்படியே எடுத்துப் போங்கள். மொழி தெரியாவிட்டாலும் அட்டை பேசும். மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் குறைந்து முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப் போவதும் சிறுநீர் அடைத்துக் கொள்வதும் அப்படியே.

வீட்டில் மார்பின் எடுக்கும் நோயாளி இருந்தால் மணி பார்த்துக் கொடுங்கள். வலி வந்தபின் கொடுப்பதல்ல, வருமுன் கொடுப்பது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அதோடு சாராயம் கூடவே கூடாது, மூச்சு நின்றுவிடும். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். டாக்டர் சொன்ன அளவில் மார்பின் வாங்கும் தாயைப் பார்த்துப் ‘போதைக்கு அடிமையாகிவிடுவாள்’ என்று உறவுக்காரர் சொன்னால், அவர் வாயை அடைக்க வேண்டிய பொறுப்பும் நமக்குண்டு.

நமது சங்கம் இக்கோரிக்கைகளுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறது. கேரளம் பாலியேட்டிவ் தினமாகக் கொண்டாடும் ஜனவரி 15 வருமுன், ஒவ்வொரு தெருவிலும் வலியோடு படுத்திருப்பவர் எத்தனை பேர், அவர் வாயில் விழும் மாத்திரை எது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம். அந்தப் பட்டியலை ஆரோக்கிய மையத்தின் மேசையில் கொண்டுபோய் வைப்போம். நம்மை எண்ணாதவர்கள் முன்னால், நம்மை நாமே எண்ணிக் காட்டுவோம்.

இந்த நகரின் சுவர்களை நம் தோள் தூக்கி நிறுத்தியது. அந்தத் தோள் வலிக்கிறது என்று சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்க மறுப்பவர்களே வெட்கப்படட்டும்!

வலியைச் சுமப்பது விதியல்ல!
வலிக்கு மருந்து உரிமை! அதை ஒன்றுபட்டுப் பெறுவோம்!